அவசரம் சாரின் குமிழ்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் அங்கே ஒருத்திதான். சர்வர் அறையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து டேட்டாபேஸைக் காவல் காக்கும், அவள் கணவனின் தங்கை. "அண்ணி, உங்க புரோகிராமை நிறுத்துங்க!" என்று அந்தத் தங்கை அறை முழுக்கக் கேட்கும்படி கத்திக் கத்தி, கூட வேலை செய்கிறவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவளைவிட எத்தனையோ வயது மூத்த மேலாளர்கூட "அண்ணி, ஒரு நிமிஷம்" என்றுதான் ஆரம்பிப்பார். பதிலுக்குத் தங்கைக்கு நாத்தனார் என்று பெயர் விழுந்தது. இன்னும் கல்யாணமே ஆகாத பெண்ணை ஓர் அலுவலகமே நாத்தனார் என்று கூப்பிட்டது.

தீவுகளுக்குப் பயணிகள் கப்பல் விடும் கம்பெனி அது. இருக்கைப் பதிவு செய்யும் நிரல் அண்ணி எழுதியது. டிக்கெட் கேட்டு வருகிறவர்களை ஒரே நேரத்தில் கவனிக்க அந்த நிரலுக்குள் பல த்ரெட்டுகள் ஓடும். தனித்தனியாக வேலை பார்க்கும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை ஆட்கள் ஓடினாலும் எல்லோரும் போய் நிற்பது நாத்தனாரின் ஒரே டேட்டாபேஸின் முன்னால்தான். ஒரு கப்பலின் இருக்கைக் கணக்கை ஒரு த்ரெட் தொட்டால் அதற்குப் பூட்டுப் போட்டுவிடும். போடாவிட்டால் ஒரே இருக்கையில் இரண்டு பேர் போய் உட்காருவார்கள். பூட்டு திறக்கிறவரை அதே கப்பலைக் கேட்டு வந்த மற்ற த்ரெட்டுகள் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

கொஞ்ச நாளாகப் பதிவு ஆமை வேகத்தில் போனது. டேட்டாபேஸ்தான் மந்தம் என்றாள் அண்ணி. நிரல்தான் மோசம் என்றாள் நாத்தனார். காலையில் ஒரே காரில் வந்து இறங்குகிற இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மாலையில் அதே காரில் திரும்ப வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு மேல் சமாதானம்.

மேலாளருக்கு ஆபீஸ் வைத்த பெயர் அவசரம் சார். நல்ல மனிதர். நின்றபடியே காபி குடிப்பார். ஒரு மெயிலை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் எழுந்து வந்து "பாத்தீங்களா?" என்பார். அவரிடம் எதைச் சொல்வதானாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் அங்கே இருக்க மாட்டார்.

"எத்தனை த்ரெட் ஓடுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"எட்டு சார்."

"எட்டுதானா! அதான். அறுபத்துநாலு ஆக்குங்க. எட்டு மடங்கு வேகம்."

"இல்ல சார், அப்படி வராது. எல்லாமே ஒரே பூட்டுக்குத்தான்..."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அண்ணி அறுபத்துநாலு ஆக்கினாள். பதிவு இன்னும் மெதுவானது. முன்பு ஏழு பேர் காத்திருந்த இடத்தில் இப்போது அறுபத்துமூன்று பேர். காத்திருக்கிறவர்கள் சும்மாவும் நிற்பதில்லை. பூட்டு திறந்ததா திறந்ததா என்று மாறிமாறி எட்டிப் பார்ப்பதிலேயே சர்வரின் பாதி உயிர் போனது.

"இன்னும் பத்தல. இருநூறு போடுங்க" என்றார் அவசரம் சார்.

இருநூறு போட்டார்கள். துறைமுகத்துக் கவுண்ட்டரில் டிக்கெட் கேட்ட ஒரு பெரியவர், அது வருவதற்குள் போய் முடிவெட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அண்ணி சோதித்துப் பார்த்து, த்ரெட் கூடக் கூட வேகம் எப்படி விழுகிறது என்று படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனாள். அவர் படத்தைப் பார்த்தார். கோடு முதலில் கொஞ்சம் மேலே ஏறியது. "பாத்தீங்களா, ஏறுது!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது அதற்கப்புறம் பள்ளத்தில் விழுவதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

அன்று மாலை லிஃப்டுக்காக நின்றபோது அண்ணி அவரைக் கவனித்தாள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை அவர் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும். லிஃப்ட் தன் போக்கில் வந்து சேர்ந்தது. "பாத்தீங்களா, சீக்கிரம் வந்துடுச்சு" என்று திருப்தியோடு உள்ளே போனார். அண்ணியின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் படர்ந்தது. வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவள் கணவன் எதுவும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்காருவான்.

இரண்டு நாளில் அவசரம் சாரின் கணினித் திரையில் ஒரு குமிழ் வந்து உட்கார்ந்தது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுவதைப் போல் வட்டமான, பளபளப்பான குமிழ். சுற்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண்கள். மேலே கொட்டை எழுத்தில் 'வேகம்'.

"இனிமே என்னைக் கேக்கவே வேண்டாம் சார். நீங்களே கூட்டிக்கலாம்."

அவர் வாயெல்லாம் பல்லாகப் போயிற்று. ஒன்றிலிருந்து நாலுக்குத் திருப்பினார். பதிவு கொஞ்சம் வேகமானது. ஏழு, எட்டு, பத்து. அத்தனை மந்தத்தைப் பார்த்த கண்ணுக்குப் பதிவு பறந்தது. டிக்கெட் வருவதற்குள் முடிவெட்டிக்கொள்ள இப்போது யாருக்கும் நேரமில்லை. "கூட்டிட்டேன்! கூட்டிட்டேன்!" என்று அவர் மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். அன்று முதல் நாளுக்கு நாலு தடவை குமிழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பத்தில்தான் நிற்கிறதா என்று.

குமிழைப் பத்துக்குத் திருப்பினால் த்ரெட்டுகள் எட்டாகக் குறையும், ஒன்றுக்குத் திருப்பினால் இருநூறாகக் கூடும் என்பது அண்ணிக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆளுக்கு அது தெரிய அதிக நாள் பிடிக்கவில்லை. நாத்தனாரின் மேசைக்கு எதிரே ஒரு சுவர் முழுக்கத் திரைகள் இருந்தன. டேட்டாபேஸுக்குள் நடப்பதெல்லாம் அதில் பச்சையும் நீலமுமாக நொடிக்கு நொடி நெளியும். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தச் சுவர் அவளுக்கு உயிர். அவசரம் சார் "கூட்டிட்டேன்!" என்று கத்துகிற ஒவ்வொரு தடவையும் சுவரில் த்ரெட் எண்ணிக்கை இறங்குவதை அவள் பார்த்தாள். ஒரு தடவை தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த தடவை காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அன்று மாலை வீட்டில், கழுவிய தட்டுகளைத் துடைத்தபடி மெல்லப் பேச்செடுத்தாள்.

"அண்ணி, குமிழை எந்தப் பக்கம் திருப்பினா த்ரெட் கூடும்?"

"எந்தக் குமிழ்?"

"நம்ம வீட்டு அடுப்புக் குமிழ். நடிக்காதீங்க."

அண்ணி அடிப்பிடித்த பாத்திரத்தை முழு மூச்சாகத் தேய்த்தாள். "அது வேகக் குமிழ். த்ரெட்னு நான் அதுல எங்கயும் எழுதல. கூட்டினா வேகம் கூடுதுல்ல? அப்புறம் என்ன?"

நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. கையில் இருந்த தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நீங்க பூட்டைப் போட்டுக்கிட்டு பேங்குக்குப் போறதை நிறுத்தணும்."

அவள் மாதக்கணக்காகச் சொல்லிவந்த குறைதான் அது. அண்ணியின் நிரல் கப்பலின் இருக்கைக் கணக்கைப் பூட்டிவிட்டு, பயணியின் அட்டை செல்லுமா என்று வங்கியின் கணினியைக் கேட்கும். வங்கி நிதானமாகப் பதில் சொல்லும். அதுவரை பூட்டு இந்த த்ரெட்டின் இடுப்பிலேயே தொங்கும்.

"அப்படிச் செஞ்சாத்தான் பாதுகாப்பு" என்றாள் அண்ணி. "நடுவுல திறந்தா அந்த இருக்கையை வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"இவருக்குன்னு ஒரு குறி போட்டுட்டுத் திறந்துடுங்க. பேங்க் சரின்னா உறுதி பண்ணுங்க, இல்லன்னா குறியை அழிங்க. இதுல என்ன கஷ்டம்?"

"நான் எழுதினதுல நீ கை வைக்காதே. பூட்டு என்னோடது."

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் கூடத்திலிருந்து தலையை நீட்டினான். "யாரு பேங்குக்குப் போறது? பூட்டிட்டுத்தானே போகணும்? திறந்து போட்டுட்டா போவாங்க?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள் அண்ணி.

"உனக்கு ஒண்ணுமில்லண்ணா" என்றாள் நாத்தனார். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் எப்போதும் ஒற்றுமை.

கோடை விடுமுறைக்கான பதிவு திறக்கும் நாள் வந்தது. காலையிலிருந்தே துறைமுகக் கவுண்ட்டர்களில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அந்த நாளாகப் பார்த்துக் கம்பெனி முதலாளியம்மா அலுவலகத்துக்கு வந்தார். இளம் வயதில் தானே கப்பல் ஓட்டியவர். கையில் மடித்த குடை, அளந்து பேசும் பேச்சு. அவசரம் சார் அவரை நேராகத் தன் திரைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். அண்ணியும் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப பத்துல ஓடுது மேடம். இத்தனை கூட்டத்துலயும் பாருங்க, எப்படிப் பறக்குது!"

"நல்லா இருக்கே" என்றார் முதலாளியம்மா.

அதோடு விட்டிருக்கலாம். "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்டட்டுமா?" என்று அவசரம் சார் குமிழில் கை வைத்தார்.

அண்ணி ஓரடி முன்னே வந்தாள். "சார், வேண்டாம் சார். இன்னிக்குப் போய்..."

"ஒரு நிமிஷம்தான் அண்ணி!"

குமிழ் ஒன்றில் போய் நின்றது. எட்டு த்ரெட் இருநூறானது. இருநூறும் ஒரே மூச்சில் டேட்டாபேஸை நோக்கிப் பாய்ந்தன. எல்லோருக்கும் வேண்டியது பெரிய தீவுக்குப் போகும் அதே முதல் கப்பல். ஒன்று பூட்டைப் போட்டுக்கொண்டு வங்கியிடம் போனது. மற்றவை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. கவுண்ட்டர் திரைகள் அத்தனையும் அப்படியே உறைந்தன. தொலைபேசி அலறியது. இன்னொன்றும் அலறியது.

"பாத்தீங்களா மேடம், இப்படித்தான் இருந்துச்சு" என்று பெருமையோடு சொல்லிவிட்டு அவர் குமிழைப் பத்துக்குத் திருப்பினார். குமிழ் நகரவில்லை. அதன் நடுவில் ஒரு சின்ன வளையம் சுற்ற ஆரம்பித்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும். வளையம் சுற்றியது.

அண்ணிக்குப் பளிச்சென்று புரிந்தது, புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை அவள் எங்கே எழுதி வைத்திருந்தாள்? அதே டேட்டாபேஸில். இப்போது கூட்டத்தைக் குறைக்கச் சொல்லும் உத்தரவும் அந்தக் கூட்டத்தின் கடைசியில் போய் வரிசையில் நின்றது.

அவள் சர்வர் அறைப் பக்கம் ஓடினாள். நாத்தனார் ஏற்கெனவே விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லா வழியும் அடைபட்டாலும் காவல்காரிக்கென்று ஓர் இணைப்பு டேட்டாபேஸில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். அதன் வழியே உள்ளே போய் வேண்டாத த்ரெட்டுகளின் இணைப்பை அறுத்துவிடலாம்.

"வெட்டவா?"

"வெட்டு, வெட்டு!"

"பூட்டு விஷயம் என்னாச்சு?"

"எந்தப் பூட்டு?"

"பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி திறந்துடறேன்னு சொல்லுங்க."

"அடியேய், இப்பவா பேரம் பேசறே? அங்க ஊரே நிக்குது!"

"இப்ப கேட்டாத்தானே அண்ணி நீங்க சரின்னு சொல்லுவீங்க?"

அண்ணி பல்லைக் கடித்தாள். "சரி. திறந்துடறேன். வெட்டித் தொலை."

நாத்தனார் வெற்றிச் சிரிப்போடு உள்ளே நிற்பவர்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். அண்ணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எதிர்பார்த்தபடி பதிவு, பதிவு என்று வரிசையாக அவளுடைய த்ரெட்டுகள். அதற்கு நடுவே வேறு ஒரு பெயர். சுவர். சுவர். சுவர். கீழே உருட்ட உருட்ட இன்னும் சுவர்.

"இது யாருடி இத்தனை பேர்?"

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

நெளிகிற அந்த அழகான கோடுகளை வரைய, சுவர் ஒவ்வொரு நொடியும் டேட்டாபேஸில் உள்ள மொத்தப் பதிவுகளையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் ஒரு நொடிக்குள் எண்ணி முடித்துவிடும். டேட்டாபேஸ் திணறும்போது முடியாது. பழையது முடிவதற்குள் புதியது ஒன்று எண்ண வந்துவிடும், அதன் பின்னால் இன்னொன்று. டேட்டாபேஸ் ஏன் மெதுவாகப் போகிறது என்று பார்க்க வந்த கூட்டமே அதை இன்னும் மெதுவாக்கியது.

"அது வெறும் பாக்கற வேலைதான் அண்ணி. பூட்டெல்லாம் போடாது" என்றாள் நாத்தனார், குரல் இறங்கி.

"விபத்து நடந்த ரோட்டுல வேடிக்கை பாக்கறவனும் பூட்டா போடறான்? இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கறான்ல? முதல்ல உன் சுவரை வெட்டு!"

"சுவரையா?"

"இப்ப நான் பேரம் பேசட்டுமா?"

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினாள். சுவர் முழுக்க இருண்டது. "கரண்ட் போச்சா?" என்று முதலாளியம்மாவின் குரல் கேட்டது. அடுத்து வாசலை அடைத்து நின்ற த்ரெட்டுகளை அறுத்துத் தள்ளினாள். கொஞ்சம் வழி கிடைத்ததும், அவசரம் சார் இதுவரை திருப்பிய திருப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. குமிழ் தானாக எழுந்து துள்ளிப் பத்தில் போய் நின்றது. கவுண்ட்டர் திரைகளுக்கு உயிர் வந்தது. பாதியில் அறுபட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. நாலைந்து பேர் நன்றாகவே திட்டினார்கள்.

இரண்டு பேரும் திரும்பி வந்தபோது முதலாளியம்மா குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம். இதைப் பத்துல வச்சா ஓடுது, ஒண்ணுல வச்சா நின்னுடுது. அப்ப எதுக்கு ஒண்ணுன்னு ஒரு இடம் வச்சிருக்கீங்க? யாருக்கு மெதுவா வேணும்?"

அவசரம் சார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் இருண்ட சுவரைப் பார்த்தாள். இனி மூடி மறைத்துப் பயனில்லை.

"அது வந்து மேடம்... குமிழைக் கூட்டினா உள்ள த்ரெட் குறையும்" என்றாள் அண்ணி.

அவசரம் சாருக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் ஆனது. "அப்ப நான் கூட்டிட்டேன் கூட்டிட்டேன்னு சொன்னப்பல்லாம்?"

"குறைச்சுட்டீங்க சார்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும் சார். நல்லாக் குறைச்சீங்க."

முதலாளியம்மா குடையின் பிடியால் வாயை மறைத்துக்கொண்டார். ஆனால் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. அவசரம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அந்த அலுவலகத்தில் பலர் பார்த்ததே இல்லை. அண்ணிக்கு அப்போதுதான் மனசு உறுத்தியது. கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மனிதர் குமிழை ஆசை ஆசையாகத் தொட்டுப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது.

"என்னை இப்படி முட்டாளாக்கிட்டீங்களே அண்ணி" என்றார் மெதுவாக.

"சொல்லிப் பாத்தேன் சார். நீங்க நிக்கல."

அவர் யோசித்தார். "நிக்கலதான்" என்றார். பிறகு, "இப்ப உக்காந்திருக்கேன். சொல்லுங்க."

அண்ணி முழுதாகச் சொன்னாள். பூட்டைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குப் போன தன் பிசகையும் சேர்த்துச் சொன்னாள். சுவர் செய்த அடைசலை நாத்தனார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானே சொன்னாள்.

அந்த வாரத்துக்குள் அண்ணி நிரலைத் திருத்தினாள். இருக்கைக்குக் குறி போடும் கண நேரத்துக்கு மட்டும் பூட்டு. வங்கிப் பேச்சுவார்த்தை எல்லாம் வெளியே. பூட்டு சட்டென்று திறந்துகொண்டதால் த்ரெட்டுகளை எட்டிலிருந்து கொஞ்சம் கூட்டவும் முடிந்தது. நாத்தனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, வேகம் விழத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தச் சொன்னாள். சுவரும் திரும்பி வந்தது. நொடிக்கு ஒருமுறை முதலிலிருந்து எண்ணாமல், மாறியதை மட்டும் எப்போதாவது கேட்டுக்கொண்டது. கோடுகள் முன்போல் நெளியாமல் தாவித் தாவிப் போயின. படம் எடுக்கிறவர்கள் குறைந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தம்தான்.

அவசரம் சாருக்கு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது.

"அப்ப குறைச்சாத்தான் வேகம்" என்று ஒருநாள் வந்து நின்றார். "ஒரே ஒரு த்ரெட் வச்சா ராக்கெட் மாதிரி போகுமே?"

"போகாது சார்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அவரை உட்கார வைத்து, பழைய படத்தின் முதல் பாதியை, கோடு ஏறுகிற அந்தப் பாதியை, இந்தத் தடவை அவர்களே விரலால் காட்டிக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் குறைக்கும் ஆசை அவரை விடவில்லை. திங்கட்கிழமைதோறும் அத்தனை பேரையும் கூட்டி உட்கார வைத்து நடத்தும் நீண்ட கூட்டத்தின்மேல் அவர் கண் விழுந்தது. ஒருத்தர் பேச, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். "இதுவும் அதேதானே அண்ணி? எல்லாரும் எதுக்கு வந்து நிக்கணும்? ரெண்டு ரெண்டு பேரா வந்து சொல்லிட்டுப் போனாப் போதாது?"

த்ரெட்டுக்கு உள்ள நியாயம் மனிதர்களின் கூட்டத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதில் அண்ணிக்கே சந்தேகம். நாத்தனாருக்கும் சந்தேகம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதேதான் சார்" என்றாள் அண்ணி.

"அச்சு அசல் அதேதான்" என்றாள் நாத்தனார்.

கூட்டம் ஒழிந்தது. அலுவலகமே அவரை மனதார வாழ்த்தியது. பெரிய கூட்ட அறை காலியாகக் கிடக்கிறது. மழை பெய்தால் நாத்தனார் தன் குடையை அங்கேதான் விரித்துக் காயப் போடுகிறாள்.